மூன்றாம் படி

ரொஸ்மண்ட் ஹோட்டலின் சரித்திரம் ஒரு சின்னப் புத்தகமாக அச்சாகியிருக்கிறது. 1868இல் கொழும்புக் கடற்கரையில் அதைக் கட்டியது, எந்த இளவரசன் எந்த அறையில் படுத்தான், நடனக்கூடத்துக்குப் பளிங்கு எங்கிருந்து வந்தது, எல்லாம் அதில் உண்டு. பிரம்பைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. அதை நான் கேட்டது வட்டக்கச்சியில், பக்கத்துக் காணி நடராசாவிடம். அந்த ஹோட்டலின் வாசல் கதவை இருபத்திரண்டு வருஷம் திறந்தவர் அவர்.

ஹோட்டலின் முதல் வெள்ளைக்காரத் துரை ஒரு சட்டம் வைத்தானாம். விருந்தாளியின் கை கதவில் படக்கூடாது. சப்பாத்துக் கால் மூன்றாம் படியில் படுமுன் கதவு திறந்திருக்க வேண்டும், பிந்தினால் பிரம்படி. துரைமார் மாறினார்கள், பிரம்பு அவர்கள் இருந்து வேலைபார்க்கும் கந்தோர்ச் சுவரிலேயே தொங்கியது. சொந்த ஊரான துணுக்காயிலிருந்து பதினாறு வயதில் போன நடராசாவுக்கு முதல் மாதமே முதுகுத்தோல் உரிந்தது.

"மாட்டுக்கும் நாங்கள் இப்பிடி அடிக்கமாட்டம்" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வாசலில் நிற்பவன் யாராக இருந்தாலும் வெள்ளைச் சாரமும் கோட்டும் போட்டு, சிங்களவரைப்போலக் கொண்டையில் ஆமையோட்டுச் சீப்புக் குத்த வேண்டும். வெள்ளைக்காரருக்குப் பார்க்க வடிவாம். நடராசாவும் அதற்காகக் கொண்டை வளர்த்தார். பிறகு தம்பி சின்னராசாவையும் கூட்டிப்போய்க் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்த்துவிட்டார். தம்பியின் மனைவி இரஞ்சிதம் வட்டக்கச்சியில் காணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில், தமிழரைத் தேடித் தேடி வெட்டிய கலவரத்தில், கொழும்பு எரிந்தது. ஹோட்டலில் சின்னராசா உட்படத் தமிழ் வேலைக்காரர் மூன்று பேரைச் சாமான் அறையில் ஒளித்தார்கள். சீப்புக்காரனை எவனும் சந்தேகப்படமாட்டான் என்று முன்கதவை நடராசாவிடம் விட்டார்கள். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றார்.

பதினொரு பேர் வந்தார்கள். கையில் கோடாரி, இரும்புக் கம்பி, மண்ணெண்ணெய்ப் போத்தல். முன்னால் வந்தவன் மினுக்கிய சப்பாத்துப் போட்டிருந்தான். அவன் முதலாம் படி ஏறினான், இரண்டாம் படி ஏறினான். ஹோட்டலில் பிரம்படி நின்று பத்து வருஷமாகியிருந்தது. கைக்கு அது தெரியாது. தாழ்ப்பாள் விலகியது, கதவு திறந்தது, நடராசாவின் தலையும் குனிந்தது. நிமிர்ந்தபோது அவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் போகும்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

உள்ளே பலகை பிளந்தது. "அண்ணை!" என்று இரண்டு தரம் கேட்டது. மூன்றாம் தரம் கேட்கவில்லை. சாமான் அறையில் அரிசி மூட்டைகளின் மேல் மூன்று பேரையும் வெட்டிப் போட்டிருந்தார்கள். சின்னராசாவுக்கு முகமே இல்லை. அடுத்தநாள் காலை விருந்தாளிகளுக்குத் தேநீர் நேரத்துக்குப் போனதாம். புத்தகத்தில் அதுவும் இல்லை.

அகதிக் கப்பலில் வடக்கே வந்திறங்கிய நடராசா, கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று இரஞ்சிதத்திடம் சொன்னார். அவள் நம்பினாள். அவள் வளவிலேயே ஒரு கொட்டில் போட்டு, அவளுடைய வயலை நாலு வருஷம் உழுதார். அவளை விட்டால் அவருக்கு வேறு ஆருமில்லை.

நாலாம் திவசத்தன்று படையல் முடிந்து, சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்தோம். இரஞ்சிதத்தின் தகப்பன் ஏரம்பு வாய் ஓயவில்லை.

"தம்பிக்காகக் கதவை மறிச்சுக்கொண்டு நிண்ட மனிசன்! இவரை மாதிரி ஆர் இருக்கினம்?"

நடராசா இலையைத் தள்ளினார்.

"நான் மறிக்கேல்லை. நான்தான் திறந்துவிட்டனான்." எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து வலக்கையை நீட்டினார். "இந்தக் கைதான், பிள்ளை."

இரஞ்சிதம் குசினிக்குள் போனாள். உலக்கையோடு வந்தாள். முதல் அடியிலேயே மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது தோளில் விழுந்தது. மூன்றாவது மறுபடியும் அதே கையில். அவர் கையை இழுக்கவில்லை. ஏரம்புதான் ஓடிப்போய் உலக்கையைப் பறித்தார். நான் எழும்பவில்லை. அவள் அடித்தது சரி என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, இரஞ்சிதம் சோற்றைக் குழைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

"உங்களை நான் மன்னிக்கேல்லை, அத்தான். கை சுகமாகுமட்டும் சோறு தீத்துறன். பிறகு எங்கையெண்டாலும் போங்கோ."

ஆறு கிழமையில் கட்டைப் பிரித்தார்கள். அதன் பிறகும் அவர் கையைத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டே திரிந்தார். அவளும் அதைப் பார்த்துக்கொண்டே அவர் வாயில் சோறு தீத்தினாள். இப்படி ஒரு மாதம் போனது.

ஒருநாள் மத்தியானம் அவள் கேட்டாள். "கை சுகமோ?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதை அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஓம், பிள்ளை."

அவள் சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் தன் கையாலேயே குழைத்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துணுக்காய்ப் பக்கமாக நடந்தார்.