பாக்கியம் அக்கா வீட்டுக்கு இரண்டாவது டெலிபோன்

பழைய டெலிபோனோடு புது டெலிபோனைச் சேர்த்துவைக்கும் தொழிலில், ஸ்குரூ டிரைவரைவிட அதிகம் தேவைப்படுவது போன வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போகிற பொறுமை. பழைய பெட்டி ஒன்றோடு புதுப் பெட்டி ஒன்றை இணைத்துவிட்டு, இரண்டும் ஊமையானதும் தரையில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நீங்களும் நானும் ஒரே கட்சி. அதனால் உங்களிடம் வெட்கப்படாமல் சொல்லலாம்: ஒரே ஒரு டெலிபோனை இணைக்க ஒரே வீட்டுக்கு நான் நான்கு முறை போனேன்.

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஒரு கன்டிராக்டரிடம் வயர் இழுக்கும் வேலை பார்த்தேன். பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே இருந்த, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் கறுப்பு டெலிபோன் ஒன்று இருந்தது. விரலை விட்டு வட்டத்தைச் சுழற்றுகிற பழைய வகை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவார்கள். முந்தைய ஆண்டு ஒரு ஞாயிறு, மூன்று மைல் தள்ளியிருந்த, அதே தோட்டத்தின் இரண்டாம் டிவிசனிலிருந்து லோரி டிரைவர் செல்லமுத்து, மனைவி வசந்தாவுக்கு வலி கண்டுவிட்டது என்று கூப்பிட்டிருக்கிறார். பூட்டிய அறைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மருத்துவச்சி பாக்கியம் அக்காவின் வீடு அறுபது கஜம் தள்ளி. அவர் காதில் விழவில்லை. மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து சொல்லி, அவர் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது; குழந்தை பிழைக்கவில்லை.

இப்போது வசந்தாவுக்கு மறுபடியும் எட்டாம் மாதம். ஆஸ்பத்திரி லைனிலேயே அக்கா வீட்டில் இன்னொரு டெலிபோன் வைத்துவிட வேண்டும் என்று மானேஜர் சொல்லியனுப்பினார். அந்த மணி அடித்தால் ஒரு குழந்தை பிழைக்கலாம்; அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தத் தோட்டமே அறியும்.

கையில் பிடித்த மணி

வேலை சுலபமானது. பழைய டெலிபோனுக்கு வருகிற இரண்டு கம்பிகளில் இன்னும் இரண்டு கம்பிகளை முடிந்து, அவற்றை அக்கா வீட்டுக்கு இழுத்து, புது டெலிபோனில் மாட்ட வேண்டும். அக்கா வீட்டுச் சுவரோரம் ஸ்டூலில் ஏறி நின்று, இரு கம்பி முனைகளையும் விரல்களால் முறுக்கிக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு வரும் மின்சாரம் கையில் உறைக்காது. ஆனால் மணி அடிக்க வரும் மின்சாரம் வேறு, அது உதைக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து யாரோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள்.

நான் ஸ்டூலிலிருந்து நேராக அக்காவின் துணிக்கூடைக்குள் விழுந்தேன். அறுபது கஜத்துக்கு அப்பால் பழைய மணி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் விறுவிறுத்தன. தலைமயிர் தடிமனே உள்ள இந்தச் செம்புக்குள், எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவரின் அவசரம் ஓடி வருகிறது என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். இத்தனை நாளும் அதைப் படித்துத்தான் தெரிந்துவைத்திருந்தேன். அக்கா என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "போனு அடிச்சா எடுத்துக் காதுல வைக்கணும் தம்பி. கையில புடிச்சா உதைக்கத்தான் செய்யும்."

பாடுகிற பொத்தான்கள்

மூன்றாம் நாளே ஆள் வந்தது. புது டெலிபோனில் மணி அடிக்கிறது, பேச முடிகிறது; ஆனால் இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியவில்லை. போய்ப் பார்த்தேன். புதியது பொத்தான் அமுக்கும் வகை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு ராகமாக 'பீப்' என்றது. பட்டணத்து எக்ஸ்சேஞ்சோ பழையது. வட்டம் சுழன்று திரும்பும்போது 'டக் டக்' என்று எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணிப் பழகியது. ஐந்து தட்டினால் ஐந்து என்று அதற்குப் புரியும். ராகம் பாடினால் அதற்கு ஒன்றும் புரியாது.

டெலிபோனைக் கவிழ்த்தேன். அடியில் நகம் அளவு ஒரு சிறிய சுவிட்சு. அதை மறுபக்கம் தள்ளினால் புதுப் பெட்டியும் தட்டத் தொடங்கும். தள்ளினேன். அக்கா டிவிசன் ஆபீஸ் எண்ணை அமுக்கினார். உள்ளே தட்டுகள் வரிசையாக விழுந்தன. மூன்று மைலுக்கு அப்பால் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி "ஹலோ" என்றார். அக்கா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்: "ரெண்டு நாளா பாட்டுப் பாடிப் பாடிக் கூப்பிட்டேன், ஒருத்தரும் வரல லா. கதவைத் தட்டினாத்தான் தொறப்பாங்களா?"

பூஜைக்கு உட்கார்ந்த டெலிபோன்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை, எங்கள் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று புழுதியோடு வந்து நின்றது. ஏறி வந்தவர் செல்லமுத்து. மணி கேட்கிறதா என்று பார்ப்பதற்காகத் தினமும் மத்தியானம் டிவிசனிலிருந்து ஒரு முறை கூப்பிடுவது அவர் வழக்கம். நேற்று முழுவதும் 'டூ டூ' என்று பிசியாகவே இருந்ததாம். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, நேத்து வலி வந்திருந்தா நான் என்ன செய்வேன்?" என்றார். அவர் பின்னாலேயே ஏறிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல், இடுக்கி, தராசு, காய்ச்சல் பார்க்கும் குழாய் என்று எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அக்கா வீட்டில் புது டெலிபோனுக்கும் பொட்டு. அதோடு, ரிசீவருக்கு அடியில் அழகாக ஒரு முழம் செவ்வந்திச் சரம். ரிசீவர் வைக்கும் இடத்தில் ஒரு சிறிய குமிழ் உண்டு. ரிசீவர் அதை அமுக்கினால்தான் 'பேசி முடித்தாயிற்று' என்று லைனுக்குத் தெரியும். பூ அதை அமுக்க விடவில்லை. இரண்டு டெலிபோனுக்கும் ஒரே லைன் என்பதால், ஆஸ்பத்திரியில் இருந்த பழையதும் சேர்ந்து செத்துக் கிடந்தது. சரத்தை உருவினேன். உயிர் வந்தது.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "இடுக்கிக்கு வச்சேன், கத்திரிக்கு வச்சேன், இதுவும் நம்மளோட வேலை பாக்குற சாமான்தானே, விட்டா குத்தமாயிடுமேன்னு..." என்று இழுத்தார். செல்லமுத்துவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பூச்சரத்தை எடுத்து அக்கா கையிலேயே கொடுத்துச் சொன்னார்: "தலையில வச்சுக்குங்கக்கா. அது காதை மட்டும் பொத்தாதீங்க."

இரண்டு ஹலோ

நான்காம் முறை போனது ஒரு ஞாயிறு. தோட்டத்து வேனின் கூரை வயரில் உரசுகிறது என்று சொன்னதால், வயரை உயர்த்திக் கட்டப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. பதினொரு மணி இருக்கும். அக்கா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

ஈரக் கையோடு ஓடி வந்து எடுத்தார். மறுமுனையில் டிவிசன் கிராணி. அக்கா சொன்னார்: "தண்ணி ஒடஞ்சிருச்சா? நடக்க விடாதீங்க. படுக்க வைங்க. நானே வேன்ல வர்றேன்." அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஐயாவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியைத் திறக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் "போனைப் பாத்துக்க தம்பி" என்று சொல்லி வேனில் ஏறினார். முக்கால் மணி நேரத்தில் வசந்தாவோடு திரும்பினார். செல்லமுத்து கூட வரவில்லை. செம்பனைப் பழம் அதிகமான மாதம். ஞாயிறன்றும் லோரி ஓடியது. அவர் பழம் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

நான் அந்தப் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு மேல் அது மறுபடி அடித்தது. நான் எடுத்தேன். அதே நொடியில் ஆஸ்பத்திரியில் டிரஸர் ஐயாவும் எடுத்தார். இரண்டு ஹலோ. நான் வாயை மூடிக்கொண்டேன். மறுமுனையில், மில்லிலிருந்து டிவிசனுக்குத் திரும்பியிருந்த செல்லமுத்து.

"ஐயா, நான்தான்... வசந்தா..."

"நல்லா இருக்காடா. பொம்பளப் புள்ள. இரு, வைக்காத."

காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. ரிசீவரை வயர் எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்திருப்பார் போலும். அழுகை வந்தது. பிறந்து அரை மணி நேரமான ஓர் அழுகை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, பட்டணத்து எக்ஸ்சேஞ்சைத் தொட்டு, செம்பனைக் காட்டின் மேல் மூன்று மைல் போய் அப்பனின் காதில் விழுகிறது. போகிற வழியில் என் காதிலும்.

செல்லமுத்துவின் குரல் தவித்தது: "ஐயா, எங்கயோ தூரத்துல கேக்குது. சரியா கேக்கல ஐயா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு லைனில் இரண்டு ரிசீவர்கள் எடுத்திருந்தால், லைனில் ஓடுகிற சத்தம் பங்காகிவிடும். அவருடைய மகளின் அழுகையில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைதான். ரிசீவரை மெதுவாக, குமிழ் நன்றாக அமுங்கும்படி வைத்தேன்.

அரை மணியில் செல்லமுத்து வந்தார். உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "அண்ணே, பேசிக்கிட்டு இருக்கும்போதே சத்தம் திடீர்னு கிட்ட வந்துருச்சு. என் தோள்மேல படுத்துக்கிட்டு அழுவுற மாதிரி. அந்த நேரத்துல நீங்க என்ன வேலை செஞ்சீங்க?"

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கம்பிகளைச் சேர்த்திருக்கிறேன். என் தொழிலில் ஒருவர் வியந்து பாராட்டிய ஒரே வேலை, நான் போனைக் கீழே வைத்ததுதான்.