மூன்று பேர் திறக்கும் கணக்கு

மலேசியாவில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களையும் இடித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது இடுகாடு மட்டும்தான். அங்கே புல் வெட்டும் ஆளுக்கு மாதாமாதம் கூலி கொடுக்க வேண்டும். சிங்கப்பூர், லண்டன் என்று சிதறிப்போன தோட்டத்துச் சனங்கள் பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள். ஆனால் யார் பெயரில் பேங்க் கணக்கு திறப்பது என்று வந்த சண்டை இருக்கிறதே, அப்பப்பா! புதைந்து கிடப்பவர்களே எழுந்து வந்து விலக்கிவிட வேண்டிய அளவுக்குப் போய்விட்டது.

கடைசியில் வழி சொன்னது என் கூட்டாளி ஒருவனின் மகள். அவன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மகள் கம்ப்யூட்டர் படித்தவள். பேங்க் இல்லாமல் இணையத்திலேயே ஓடும் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறதாம், பிளாக்செயின் என்று பெயர்; அதில் யாருக்கும் சொந்தமில்லாத கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தாள். அவன், சுங்காயில் லாரி ஓட்டும் இன்னொரு கூட்டாளி, ஈப்போவில் இருக்கும் நான், ஆக மூன்று பேர் பொறுப்பு. மூவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். மூவரும் போனில் ஒப்புதல் அமுக்கினால்தான் பணம் வெளியே போகும்.

இதைக் கேட்டதும் எங்களுக்குத் தோட்டத்துக் கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவி. சாவிக்காரர் மூவரும் சேர்ந்து வந்து நின்றால்தான் திறப்பார்கள். ஆகவே இதற்கும் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, சுங்காயில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடை. நான் ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்த பிறகுதான் போனை எடுப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே அமுக்குவோம். அதற்கு ஒரு நிமிடம் போதும். அப்புறம் பேச்சு மதியம்வரை ஓடும்.

மனைவி போனபிறகு எனக்கு மாதம் என்றால் அந்த ஒரு ஞாயிறுதான். மற்ற நாட்களில் வீட்டில் வாய் திறக்க ஆளில்லை. கீழே கடையில் சோற்றுப் பொட்டலம் வாங்கும்போது, "அண்ணே, குழம்பு தனியா" என்பேன். சில நாட்களில் நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது சுங்காய்க்காரனுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மூவரில் ஒருவன் போய்விட்டால் இந்தக் கணக்கு என்ன ஆகும்? வீட்டில் சும்மாதானே கிடக்கிறேன் என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். முதலில் தலை சுற்றியது. இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு மெல்லப் பிடிபட்டது.

பிளாக்செயினில் கணக்கு இரண்டு வகை. ஒன்று ஆளின் கணக்கு. அதற்கு ஒரு ரகசியச் சாவி உண்டு; சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் மூவர் போனிலும் தனித்தனியாக இருப்பது அந்த வகை. இன்னொன்றை நடத்துவது ஆளில்லை, எழுதிவைத்த நிரல். அதற்குச் சாவியே கிடையாது. எழுதியதைத்தான் செய்யும், அதையும் தானாகத் தொடங்காது. ஓர் ஆளின் கணக்கு வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அட, இது நம்ம பிழைப்பு மாதிரியல்லவா இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் இடுகாட்டுக் கணக்கு இந்த இரண்டாவது வகை. மூவரும் ஒப்ப வேண்டும் என்பது அதில் எழுதிய விதி. ஒருவன் தன் சாவியை யாருக்கும் கொடுக்காமல் செத்தால் பணம் உள்ளேயே முடங்கிவிடும். ஆனால் மூவரும் இருக்கும்போதே ஒப்பினால், இருவர் போதும் என்று விதியை மாற்றிக்கொள்ள அந்தப் பெண் வழி வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறுவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தே தாரிக் வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன். "ரெண்டு பேரு அமுக்குனா போதும்னு மாத்திடலாம் மச்சான். யாருக்கு என்ன ஆனாலும் புல்லு வெட்டுறது நிக்காது."

"அலமா! நீ இதெல்லாம் படிச்சியா?" என்று வாயைப் பிளந்தான் தஞ்சோங் மாலிம்காரன்.

என்னைப் புகழ்ந்து எவ்வளவு காலமாகிறது! வாயை மூட முடியவில்லை. "இன்னொண்ணு கேளு. ஒரே மேசையில உக்காரணும்னு ஒரு சட்டமும் இல்ல. அவங்கவங்க வீட்டுல இருந்தே அமுக்கலாம்."

"அப்ப இனிமே ஞாயித்துக்கெழம நல்லா தூங்கலாம் லா!" என்று சுங்காய்க்காரன் என் முதுகில் தட்டினான். எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நானும் சிரித்தேன். மூவரும் அமுக்கினோம். விதி மாறியது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. காலையில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்து சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்டது. கூலி போய்விட்டது என்று காட்டியது. சுங்காய்க்காரன் ஒப்பியிருந்தான், தஞ்சோங் மாலிம்காரன் ஒப்பியிருந்தான். என் பெயருக்கு நேரே காலி. நானும் அமுக்கிவிடலாம் என்று தேடினேன். அமுக்குவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

சுங்காய்க்காரனைக் கூப்பிட்டேன். "மச்சான், நான் இன்னும் அமுக்கலையே."

"வேணாம் லா. ரெண்டு பேரு போதும்னு நீதானே சொன்ன?" என்றான். பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தம். "நீ ரெஸ்ட் எடு மச்சான்."

சரி என்று வைத்துவிட்டேன். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை.