அந்தப் பக்கத்து டயர்

நானே கட்டிய கார் அது. முன் ஆக்ஸில் ஒரு பழைய ஜீப்பினுடையது. இன்ஜின் எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்தது; கிணறு வற்றியதும் சும்மா கிடந்தது. சீட்டு மட்டும் புதுசு. என் வீட்டுக்காரி தேர்ந்தெடுத்த பச்சை ரெக்சின்.

முன் சக்கரம் இரண்டும் முன்பக்கம் ஒரு பொடி உள்வாங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் அலையும். டேப்பின் சின்னக் கோடுகள் என் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் எனக்கு ஒரு தீக்குச்சி கனம்தான் கணக்கு. தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற எங்கள் ஊரில் தீக்குச்சிக்கா பஞ்சம்? டயருக்கு டயர் நூல் பிடித்துப் பார்த்தால், பின்பக்கத்தைவிட முன்பக்கம் அந்தக் கனம் குறைய வேண்டும். நூலின் மறுமுனையை என் வீட்டுக்காரிதான் பிடிப்பாள்.

"தொங்க விடாத, இழுத்துப் பிடிட்டி. பூ கட்டுத மாதிரி பிடிக்கியே."

"கல்யாணத்தன்னைக்கு நீங்க மாலை பிடிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? வெரசா பாருங்க, சோறு குழைஞ்சிரும்."

வண்டி ஓடுவதற்குள் அவள் போய்விட்டாள். மஞ்சள் காமாலை. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

மகள் புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு தடவை காரில் ஏறினாள். வண்டி அலைந்து பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. அதன்பிறகு அவளுக்குப் பிள்ளை பிறந்தது. ஊருக்கு வரச்சொல்லி நான் கூப்பிட்டபோது கடைப் போனில் சொன்னாள்:

"எப்பா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு மாறி மாறி என்னால வர முடியாது. ஒங்க வண்டி நேரா ஓடுனா சொல்லுங்க, வாரேன்."

அது போதும் எனக்கு. மழை விட்டு வெயில் அடித்ததும் வண்டிக்கு அடியில் படுத்தேன். நூல் பிடிக்க ஆள் இல்லை. இரண்டு மூங்கில் பத்தையைச் சேர்த்து, அந்தப் பக்கம் முட்டுகிறவரை நீட்டி, கயிற்றால் இறுக்கி அளந்தேன். முட்டியது நன்றாகக் கேட்டது. பின்பக்கமும் அப்படியே. தீக்குச்சி கனம் சரியாக வரும்வரை, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைத் திருகினேன். ஓட்டிப் பார்த்தால் முன்னைவிட மோசமாக அலைந்தது. டயரில் போட்ட சுண்ணாம்புக் குறி முன்பக்கம் வரும்படி நிறுத்தித் திரும்பவும் அளந்தேன், சரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் இதே கதை. இடையில் பேச்சுக்கு ஆள் இல்லாமல் ஆக்ஸிலோடு பேசிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி டவுன் பஸ்ஸு மாதிரி ரெண்டு பக்கமும் ஆள் ஏத்திக்கிட்டு வருது?"

"கேலி இருக்கட்டும் தம்பி. அந்தப் பக்கம் குனிஞ்சு, கம்பு எதுல முட்டுதுன்னு பாரும்."

குனிந்து பார்த்தவர் சிரித்தார்.

"டயர்ல எங்க முட்டுது? கரிசல் மண்ணுலல்லா முட்டுது! உள்பக்கம் பாளமா ஒட்டிக் கிடக்கு. காய்ஞ்சு கல்லாட்டம் இருக்கு."

மண்ணுக்கும் டயருக்கும் காதில் வித்தியாசம் தெரியவில்லை. முன்பக்கம் மண்ணை அளந்து, சக்கரத்தை வெளியே விரித்துவைத்திருக்கிறேன். கூட ஒரு ஆள் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். சுரண்டிப் போட்டோம். அவர் நூல் பிடித்தார். திருகினேன்.

மகள் வந்தாள். பச்சை சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "எப்பா, பரவாயில்லயே" என்றாள். நாலு நாள் வீட்டில் சத்தம் இருந்தது. பிறகு லீவு முடிந்தது என்றாள், கொண்டுபோய் விட்டேன்.

திரும்பி வரும்போது பசுவந்தனை தாண்டி ரோடு நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பருத்தி. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன். வண்டி கோடு போட்ட மாதிரி போனது.

"பாத்தியாட்டி" என்று பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். பிள்ளை சிந்தின பொரிகடலை அதில் கிடந்தது. ஊர் வரும்வரை அதைத் தட்டிவிடவில்லை.