கிளட்ச் இல்லாத கார்

1958ஆம் ஆண்டு மார்கழி மாதம் நடந்தது இது. அப்போது நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆசிரியராக இருந்தேன். திருமணமான புதிது. அல்சூரில் குடியிருந்தோம். அக்காவும் அத்தானும் பக்கத்தில் தொம்மலூரில் இருந்தார்கள்.

அத்தான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த ஒரு விபத்தில் அவருடைய இடது கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. கிடைத்த நஷ்ட ஈட்டைக் கொண்டு, ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடமிருந்து பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். படகு மாதிரி நீளம். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவர் யோசித்துத்தான் வாங்கியிருந்தார். இடது காலால் மிதிக்க வேண்டிய கிளட்ச் அந்தக் காரில் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். ஓட்டுவதற்கு வலது கால் ஒன்றே போதும். அன்றைய பெங்களூரில் அவரால் ஓட்ட முடிந்த கார் அநேகமாக அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

காரைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டு, அவரே ஓட்டினார். மாப்பிள்ளை அழைப்பில் கார் நாதஸ்வரத்தின் பின்னால் நடை வேகத்தில் ஊர வேண்டும். வித்வான் நின்று வாசித்தால் காரும் நிற்க வேண்டும். மற்ற கார்கள் குலுங்கும், கிளட்ச் கருகி நாறும், மாப்பிள்ளையின் தலைப்பாகை ஆடும். அத்தான் பிரேக்கிலிருந்து காலைச் சற்றே தளர்த்துவார். கார் குளத்தில் தெப்பம் நகர்வதுபோல் நகரும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். காலை இழுத்து இழுத்து நடக்கும் மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ராஜா.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கார் சும்மா நின்றது. மனைவியை நந்தி மலைக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை. அத்தானிடம் போய்க் காரைக் கேட்டேன்.

"மச்சான், சிட்டிக்குள்ள எவ்ளோ வேணா சுத்து. லாங் ரோடுல ஏத்தாத. இதுல ஓவர்டிரைவ் கிடையாது. வேகம் எடுத்தா மேல போறதுக்கு கியரே இல்ல, இன்ஜின் கத்தும். பெட்ரோலத் தண்ணி மாதிரி குடிக்கும்."

"மெல்லப் போறேன் அத்தான்."

அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "புதுப் பொண்டாட்டிய மேகத்துல உக்கார வைக்கணும்னு துடிக்கிறான். குடுத்துத் தொலைங்க."

அத்தான் சிரித்துக்கொண்டே சாவியைத் தந்தார்.

விடியும் நேரத்தில் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் பனி. சாலையோர மரங்கள் ஒவ்வொன்றாக முளைத்து வந்து கரைந்து போயின. அவர் சொன்னது சரிதான். சற்று வேகம் எடுத்ததும் இன்ஜின் இளைப்பாற வழியில்லாமல் இரைந்தது. பெட்ரோல் முள் கண்ணெதிரே சரிந்தது. மலை ஏறி முடிப்பதற்குள் முள் பாதிக்கும் கீழே போய்விட்டது. செலவான பெட்ரோலை நான்தான் நிரப்பித் தர வேண்டும்.

இறங்கும்போது எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. யுக்தி என்ன, அந்தக் காலத்தில் டாக்சிக்காரர், லாரிக்காரர் எல்லோரும் செய்ததுதான். இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளி இன்ஜினை அணைத்துவிடுவார்கள். நண்பனின் சின்ன இங்கிலீஷ் காரில் நானும் பல முறை செய்திருக்கிறேன். அப்படியே செய்தேன்.

அந்த இறக்கத்தை நான் இன்றைக்கும் கனவில் காண்கிறேன். சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது. கூரையை மடித்திருந்தோம். வெள்ளை மூட்டத்துக்குள் கார் தானாக வழுக்கிச் சென்றது. சக்கரங்கள் ஈரச் சாலையை உரசும் ஓசை மட்டும் மெலிதாகக் கேட்டது. எங்கிருந்தோ தைல மரத்தின் வாசனை வந்தது. மனைவி கையை வெளியே நீட்டிப் பனியைத் தொட்டுப் பார்த்தாள். "நாம போறோமா, மலை போகுதா?" என்று கேட்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அடிவாரம் நெருங்கியதும் இன்ஜினை உயிர்ப்பித்து, ஓட்டத்திலேயே கியரைப் போட்டேன். அடியில் 'டொம்' என்று இடித்தது. பிறகு இன்ஜின் இரைந்த அளவுக்குக் கார் போகவில்லை. ஹெப்பாள் மேட்டில் மூச்சு வாங்கியது. எரிந்த எண்ணெய் நாற்றம் வந்தது. எப்படியோ தொம்மலூர் வந்து ஷெட்டில் நிறுத்திவிட்டேன்.

"எப்டி இருந்திச்சி மச்சான்?"

"நல்லா ஓடிச்சு அத்தான்."

மறுநாள் கார் நகரவில்லை. இன்ஜின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. சிவாஜி நகரிலிருந்து ஒரு மெக்கானிக் பாய் வந்து கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் கரித்தூளாக இருந்தது. பாய்க்கும் இந்த மாதிரிப் பெட்டி புதிது. "அண்ணா, உள்ள பூரா எரிஞ்சி போயிருக்கு. ஊர்கோலத்துல ஸ்வல்ப ஸ்வல்பமா உருட்டுறீங்கல்ல, அதுலதான் ஹீட் ஆயி போயிருக்கும்னு தோணுது. எனக்குப் பக்காவா தெரியல" என்றார்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீ பௌதிகம் படிச்சவன். நீ சொல்லு."

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டிருந்தது. முந்தைய இரவு, காரோடு வந்த கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்திருந்தேன். இன்ஜின் ஓடினால்தான் அந்தப் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். அணைத்துவிட்டு உருட்டக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வேறு வந்தது. மெல்ல ஊரும்போது உள்ளே உராய்வு, அதனால் வெப்பம், வெப்பத்தால் எண்ணெய் கெடும் என்று, வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அத்தான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கப் பம்பாயிலிருந்து சாமான் வர வேண்டும். பாய் விசாரித்துச் சொன்ன தொகைக்கு வேறொரு பழைய காரையே வாங்கிவிடலாம். ஆனால் அதில் கிளட்ச் இருக்கும். அவரால் ஓட்ட முடியாது. தை முகூர்த்தங்களுக்கு வாங்கிய முன்பணத்தையெல்லாம் அத்தான் திருப்பிக் கொடுத்தார். நீலசந்திராவில் ஒரு பெண் வீட்டுக்காரர் மட்டும் வாங்க மறுத்தார். "அந்தக் கார்தான்னு சம்பந்தி வீட்ல சொல்லிட்டேங்க. ஓடலைன்னா என்ன, எங்க ஜனம் தள்ளும்."

தள்ளினார்கள். நானும் தள்ளினேன். மாலை வெளிச்சம் முழுதும் போவதற்கு முன்பே காஸ் விளக்குகள் சுமப்பவர்களின் தலையில் ஏறிவிட்டன. மல்லிகைச் சரம் தொங்கிய கார், நாதஸ்வரத்தின் பின்னால் சத்தமில்லாமல் மிதந்தது. அத்தான் ஸ்டியரிங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஓர் அம்மாள், "இன்னா பதவிசா போவுது பாருடி, இன்ஜின் இருக்கறதே தெர்ல" என்றாள். பின்னால் தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் மூச்சு வாங்க, "இருக்குதும்மா, ஆறேழு இன்ஜின் இருக்குது" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். நான் மட்டும் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து மண்டபத்து வாசலில் அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "மச்சான், நீ சொன்னதயே யோசிச்சிகினு இருந்தேன். நான் இன்னும் கொஞ்சம் பதமா ஓட்டியிருந்தா பொழச்சிருக்குமில்ல?"

இரண்டாவது முறையாக எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மனைவி எதிரே பெண்கள் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடும்படி அவள் வீட்டில் என்னிடம் பல முறை சொல்லியிருந்தாள்.

"ஆமாம் அத்தான்" என்றேன்.

காரை உதிரி பாகங்களுக்கு விற்றார். பிறகு ஓர் அச்சுக்கூடத்தில் வாசலில் காவலுக்கு உட்காரும் வேலை கிடைத்தது. குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. அதை வைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சில வருடங்கள் கழித்து, வெளிநாட்டிலிருந்து திரும்பிய சக ஆசிரியர் ஒருவர் கிளட்ச் இல்லாத கார் கொண்டுவந்தார். அவரிடம் கேட்டு, அதைத் தொம்மலூருக்கே ஓட்டிக்கொண்டு போனேன். "ஒரு ரவுண்டு ஓட்டுங்க அத்தான்" என்று கெஞ்சினேன். அவர் கதவைத் திறந்தார், ஸ்டியரிங்கை ஒரு முறை தடவிப் பார்த்தார், பிறகு சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார்.

"வேணாம் மச்சான். ஊரான் வண்டி. என் கை பட்டா கெட்டுப்பூடும்."

அவர் அதற்குப் பிறகு எந்தக் காரையும் ஓட்டவில்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. என் மனைவியும் போய்விட்டாள். சென்ற மாதம்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளு திட்டியிருப்பாரு. அப்பறம் உன்னையே இழுத்துகினு பம்பாய்க்கு சாமான் வாங்கப் போயிருப்பாரு" என்றாள்.

காரைக் கெடுத்ததற்கு அவர் என்னை மன்னித்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவ்வளவு அழகாகக் கார் ஓட்டிய ஒரு மனிதரை, தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நம்பியபடியே சாகவிட்டேனே, அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.