சித்தி பெயர் எழுதிய டப்பா

மூடி திறக்காத வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. சிறுநீர் பிடித்துத் தர வேண்டிய டப்பா. மேலே ஒட்டிய தாளில், என் கையெழுத்தில், சித்தியின் பெயர்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எம். புதுப்பட்டியில் எனக்கு அந்த வேலைதான். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் பெண்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது, அதைத் தடுக்கப் புது மருந்து காண முடியுமா என்று மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பணம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் இங்கே நோய் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். டப்பாக்களைக் கொடுத்து வாங்கும் பொறுப்பு என்னுடையது. பெண்களிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டுத் தெருமுனையிலேயே நின்ற சூரன் நான். என்னைப் பார்த்துச் சித்தி சிரித்தாள். அவளும் சரம் பின்னுகிறவள். அப்போதே கால் வீங்கியிருந்தது.

"ஏலே, நீ கேட்டா குடுத்துருவாளுகளாக்கும்? இங்கன வச்சிட்டுப் போ. நான் வாங்கித் தாரேன்."

மறுநாள் டப்பாக்கள் நிரம்பி வரிசையாக இருந்தன. சித்தியுடையது மட்டும் இல்லை. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பரிசோதனையில் அத்தனையும் சுத்தம். டாக்டரம்மா நம்பாமல் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். பிறகு அறக்கட்டளையிடமிருந்து கடிதம் வந்தது. பணம் வேறொரு நாட்டு ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. "இனிமே யாரும் தர மாட்டாங்க தம்பி" என்றார் டாக்டரம்மா. என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

சில வருடம் கழித்து, டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி சித்தி சொன்னாள்: "தீவாளி சீசன்ல நோக்காட்டுக்காரின்னு பேரு வந்தா போர்மேன் உள்ள விடுவானாலே? அதான் அம்புட்டு டப்பாவையும் நல்லாருக்க குமரிப்பிள்ளைககிட்டக் குடுத்து நெரப்பச் சொன்னேன். என்னுத மட்டும் சீசன் முடியவும் நெசமாவே குடுக்கலாம்னு வச்சிருந்தேன்." கொஞ்ச நேரம் இயந்திரத்தையே பார்த்தாள். "அந்தம்மா மருந்து கண்டுபிடிச்சிருச்சாலே?"

"பாத்துக்கிட்டிருக்காங்க சித்தி" என்று பொய் சொன்னேன்.

அவள் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில், தீபாவளிச் சேலைக்கு அடியில் இந்த டப்பா கிடைத்தது. இன்றும் அந்தத் தெருவில் பெண்கள் வீங்கிய காலோடுதான் வேலைக்குப் போகிறார்கள். டப்பா கொண்டுவர யாரும் இல்லை. நான் இதன் மூடியைத் திறந்ததே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.