கொளஞ்சியக்காவும் ஆறு மடக்குக் கத்திகளும்

கொளஞ்சியம்மாள் கத்தி வாங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் கையில் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்க வேண்டும். கடைக்காரருக்குப் பொறுமை இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். நான் அகஸ்டின், தொட்டியில் மண் கரைப்பவன். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தால், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் கோடு மாதிரி பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி எடுக்கும் ஆறு பெண்களில் மூத்தவர் கொளஞ்சியக்கா. ஐம்பது வயது. இடுப்பில் சுருக்குப்பை. அதற்குள் வெற்றிலை இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், இருப்பது மடக்குக் கத்தி.

பழம் நறுக்கவோ, பார்சல் பிரிக்கவோ, எங்களில் யாருக்குக் கத்தி வேண்டுமானாலும் அவர்தான் பார்த்து வாங்கித் தருவார். நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது அவர் சட்டம். விரித்த கத்தியை இடமும் வலமும் ஆட்டி, ஆணி லொடலொடக்கிறதா என்று பார்ப்பார். முதுகை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். லாக் விட்டு மடங்கினால் போச்சு, அந்தக் கத்தி அவருக்குச் செத்த கத்தி. கையை நனைத்துக்கொண்டு பிடி வழுக்குகிறதா என்று பார்ப்பார். கடைசியாகப் பையிலிருந்து ஒரு பீங்கான் கப்பை எடுத்துக் கவிழ்ப்பார். அதன் அடியில் பளபளப்பு ஏறாமல் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்குமே, அதில் கத்தியை நாலு இழுப்பு இழுத்துவிட்டுச் செய்தித்தாளை அறுப்பார்.

"கூரு ஏறுதா பாரு. ஏறலன்னா அது கத்தி இல்ல, கரண்டி" என்பார்.

போன வருஷம் ஐப்பசியில் எங்கள் பட்டறைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. புதுச்சேரிக் கடை ஒன்றுக்கு நானூறு கிறிஸ்துமஸ் குடில் செட். பெயின்ட் கிடையாது, எல்லாம் சுத்த வெள்ளை. முதலாளி நிலவன் முப்பது வயதுப் பிள்ளை, தரையில் கால் பாவாமல் திரிந்தான். நாங்களும்தான். "பழைய மொண்ணக் கத்தியில இத அறுக்க முடியாதுங்க, நான் போயி வாங்கியாறேன்" என்று கொளஞ்சியக்கா ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறிப் போய், ஒன்று தொண்ணூறு ரூபாய்க்கு ஆறு மடக்குக் கத்தி வாங்கி வந்தார். என்ன கூர் என்கிறீர்கள்! ஈரப் பிசிறு சத்தமே இல்லாமல் சுருண்டு விழுந்தது. அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முதல் சூளையைத் திங்கட்கிழமை பிரித்தோம். குழந்தை இயேசுவின் கன்னத்தில் கரும்புள்ளி. மாதாவின் முக்காட்டில் இரண்டு. ஆட்டுக்குட்டிகளையும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் தொழிலில் புள்ளி என்றால் இரும்பு. இரும்பு என்றால் மண். மண் என்றால் நான். கரைசலைச் சல்லடையில் வடிகட்டி, காந்தத்தின் மேல் ஓடவிட்டுத்தான் தருகிறேன் என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

"அண்ணே, அடுத்த திங்கக்கெழம சூளை பிரிக்கிறப்பவும் புள்ளி இருந்துச்சுன்னா நான் வேற ஆளு பாத்துக்கறேங்க" என்றான் நிலவன். வேலையை விட்டுத் தூக்குவதிலும் என்ன மரியாதை பாருங்கள். பதினொரு வருஷம் அந்தத் தொட்டியில் கை வைத்தவன் நான். கோபத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் தங்கம்மாள் ஒரு பை நெல்லிக்காய் கொண்டுவந்திருந்தாள். அவளும் பிசிறு அறுப்பவள்தான். கொளஞ்சியக்கா ஸ்ரீமுஷ்ணத்தில் வாங்கிய தன் கத்தியால் நறுக்கி, உப்புத் தொட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று மெல்லுவதை நிறுத்தினார். துண்டுகளின் ஓரம் கறுத்திருந்தது. கத்தியில் சாறு பட்ட இடமெல்லாம் மை பூசியது போல இருந்தது. ஓர் ஈர்க்குச்சியை எடுத்துப் பிடியின் இடுக்கைக் குடைந்தார். ஈர மண் வந்தது. வெள்ளையாக இல்லை, துருச் சிவப்பாக.

"அகஸ்டினு, புள்ளி உன் மண்ணுல இல்லடா. என் கத்தியில இருக்குது."

தங்கம்மாள் அவர் தொடையில் கிள்ளினாள். "சும்மா கெட யக்கா, ஒனக்கு எதுக்கு வம்பு?"

உண்மையைச் சொல்கிறேன், அக்கா சும்மா இருந்துவிடுவார் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அவர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

நிலவன் நம்பவில்லை. "இவரக் காப்பாத்தத்தான சொல்றீங்கக்கா?"

"அதே தொட்டி மண்ணு, அதே சூளைங்க. எல்லாத்தையும் வேற கத்தி வாங்கி அறுக்கறோம். ஒண்ணே ஒண்ண மட்டும் நான் இந்தக் கத்தியில அறுத்து, அடியில என் எழுத்தக் கீறி வெக்கறேன். அதுல மட்டும் புள்ளி வந்தா தப்பு என்னுது."

"எல்லாத்துலயும் வந்துச்சுன்னா?"

"ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க."

அன்று சாயங்காலம் கடைவீதியில் தமிழ்ச்செல்வனின் இரும்புக்கடைக்குப் போனோம். அவர் ஒரு கத்தியில் காந்தத்தை வைத்துக் காட்டினார். "ஒட்டல பாருங்க, துருவே புடிக்காது."

அக்கா கப்பைக் கவிழ்த்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். "துருவும் ஏறாது, கூரும் ஏறாது. இத வெச்சி சாம்பாருதான் கிண்டணும். அடுத்தத எடுங்க."

அடுத்த நான்கு கத்திகளின் மேலும் ஒவ்வொரு நெல்லிக்காய்த் துண்டை வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வரோம்" என்றார். திரும்பி வந்தபோது மூன்று கறுத்திருந்தன.

"யக்கா, கத்தி வாங்க வந்தீங்களா, ஊறுகா போட வந்தீங்களா?" தமிழ்ச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நாலாவது, பச்சைப் பிடி போட்டது. விலை நூற்றுமுப்பது. அலகு வெள்ளையாக அப்படியே இருந்தது. காந்தமும் ஒட்டியது, அதாவது கூர் ஏறுகிற இரும்புதான்; லாக் நின்றது, கப்பில் நாலே இழுப்பில் தாளை அறுத்தது. பிடியின் முதுகு திறந்திருந்ததால் தண்ணீர் ஊற்றினால் இடுக்கு மண் கழுவிக்கொண்டு வந்தது. "இதுதான்டா! இதுதான்டா!" என்று அக்கா என் முதுகில் வைத்த அடியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. ஆறு வாங்கினோம்.

திங்கட்கிழமை சூளையைச் சுற்றி மொத்தப் பட்டறையும் நின்றது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். முதல் தட்டு, வெள்ளை. இரண்டாவது, வெள்ளை. நாற்பது, அறுபது, நூறு, எல்லாம் பால் வெள்ளை. ஆனால் நான் கடைசித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பொம்மையும் வெள்ளையாக வந்துவிட்டால்? இந்த முறை நான் பயந்துபோய் ஒழுங்காக வடிகட்டினேன், அவ்வளவுதான் என்றாகிவிடும். பழைய பழி என் தலையிலேயே தங்கிவிடும்.

கடைசித் தட்டின் ஓரத்திலிருந்து அக்காவே அதை எடுத்தார். குழந்தை இயேசு. அடியில் 'கொ' என்ற எழுத்து. திருப்பினார்.

"வந்துடுச்சுடா! புள்ளி வந்துடுச்சு!"

சூளையில் புள்ளியைப் பார்த்துக் குதித்த ஒரே ஆள் இந்த ஊரிலேயே அவராகத்தான் இருக்கும். தன் தப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் ஆடிய ஆட்டத்தில் நிலவனே சிரித்துவிட்டான். அப்புறம் என் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றான். நான் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

நானூறு செட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒன்றை மட்டும் அக்கா என்னிடம் கொடுத்தார். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போடா. திருஷ்டிப் பொட்டு வெச்ச புள்ள, நீ ஒண்ணும் பயப்பட வேணாம்."

எங்கள் வீட்டுக் குடிலில் இப்போது கிடப்பது அந்தக் குழந்தைதான். பார்க்க வருகிறவர்கள் கன்னத்துப் புள்ளியை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போவார்கள். என் மனைவி அருள்மேரி விடமாட்டாள். "அது கொளஞ்சியக்கா வெச்ச பொட்டுங்க" என்பாள்.