நாலாம் பெட் எங்கே போனார்?

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருக்கிறேன். அன்று ஆள் பற்றாக்குறை. இரவு ஷிஃப்ட் முடிந்தும் பகலுக்கு நானே தொடர்ந்தேன்.

பொம்மசந்திராவில் லேத் ஓட்டும் முருகேசன், பல நாள் போராட்டத்துக்குப் பிறகு தேறி, மதியம் சாதாரண வார்டுக்கு மாற்றப்பட்டார். வெளியே போயிருந்த அவர் மனைவி திரும்பி வந்து, "சிஸ்டர், நாலாம் பெட்ல எங்க வீட்டுக்காரரைக் காணோமே?" என்றார்.

சார்ட் எழுதிக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கவில்லை. "நாலா? அவரு போயிட்டாரே."

டிபன் டப்பா விழுந்த சத்தத்தில்தான் நிமிர்ந்தேன். அந்த அம்மா தரையில் சரிந்திருந்தார்.

"ஐயோ, வார்டுக்கும்மா! நல்லா இருக்காரு!" என்று ஓடிப்போய்த் தூக்கினேன். கையோடு வார்டுக்கு அழைத்துப் போனேன். கணவரின் கையைப் பிடித்த பிறகுதான் அவருக்கு அழுகையே வந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஊட்டா பண்ணீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். முந்தின ராத்திரியிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

இப்போதெல்லாம் அடுத்த ஷிஃப்டும் பார்க்கச் சொன்னால், முடியாதபோது முடியாது என்கிறேன். யார் கேட்டாலும் பேனாவை வைத்துவிட்டு, முகம் பார்த்து, நோயாளியின் பெயர் சொல்லிப் பேசுகிறேன். குணமாகி வீடு திரும்பியவரைப் பற்றிக் கேட்டால்கூட, "வீட்ல இருக்காரு" என்றுதான் சொல்கிறேன்.